விசிறி இல்லாத கணினி திருச்சி வெயிலில் தாங்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் வீட்டின் ஓர் அறையில் இருந்தபடி ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கிறீர்கள். 65 வாட் பிராசஸர் உள்ள உங்கள் மேசைக் கணினியின் விசிறிச் சத்தம் பதிவில் விழுகிறது. விசிறியே இல்லாத அலுமினியக் கேபினட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதன் விலைக்கு நல்ல சாதாரணக் கேபினட்கள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம் என்பதால் தயங்குகிறீர்கள். அது உண்மையிலேயே சத்தம் போடாதா, நம் ஊர் வெயிலில் தாங்குமா என்பவை நீங்கள் நேரடியாகக் கேட்டவை. கடைசி வரியில், பதிவு இல்லாத நேரத்திலும் அந்த இரைச்சல் இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் வேர் அந்த ஆசைதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒலிப்பதிவு மட்டுமே சிக்கல் என்றால், அதைவிட மிகக் குறைந்த செலவில் தீர்க்க வழி இருக்கிறது. அதையும் பின்னால் சொல்கிறேன்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு மூடிய உலோக உறைகள் வடிவமைப்பது பல ஆண்டுகளாக என் தொழில். மில்லுக்குள் விசிறி வைத்த கணினி நெடுநாள் நிற்காது. விசிறி இழுக்கும் காற்றோடு பஞ்சு இழைகளும் உள்ளே போய், ஹீட்சிங்கின் (வெப்பத்தைக் காற்றுக்கு விடும் உலோகப் பாகம்) ஃபின்களுக்கு, அதாவது மெல்லிய தகடுகளுக்கு நடுவே மெத்தைபோலப் படிந்து, காற்று வழியையே அடைத்துவிடும். ஆகவே அங்கே விசிறியைக் கைவிட்டதற்குக் காரணம் தூசி. அமைதி அதனோடு கூடவே வந்த பரிசு. 100 வாட்டுக்கு உட்பட்ட கணினிகளின் வெப்பத்தைப் பற்றி நான் கீழே சொல்வது கைப்பழக்கத்தில் தெரிந்தது. ஒலியைப் பற்றிச் சொல்வது அடிப்படை இயற்பியலும் என் காதும் சேர்ந்தது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வைத்த விளையாட்டுக் கணினிகளை விசிறி இல்லாமல் ஓட்டுவது எனக்குக் கணக்கில் மட்டுமே பழக்கம் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை.

கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. விசிறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அளவு மாறாது. அது வெளியேறும் வழி மட்டுமே மாறுகிறது. விசிறி இல்லாத கேபினட்டில் பக்கச் சுவர்களே ஹீட்சிங்க். பிராசஸரின் மேல் ஒரு செம்புக் கட்டை அழுந்தி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து சில ஹீட் பைப்புகள் கிளம்பித் தடித்த அலுமினியச் சுவரைப் போய்ச் சேரும். ஹீட் பைப் என்பது காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு நீரை மட்டும் அடைத்த செம்புக் குழாய். சூடான முனையில் அந்த நீர் ஆவியாகிறது. குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலத்தின் வழியே தானாகவே திரும்பி வருகிறது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கிக் காட்டினார். அதே அளவு திடச் செம்புக் கம்பி கடத்துவதைவிடப் பல மடங்கு வெப்பத்தை இது கடத்தும். நகரும் பாகம் எதுவும் கிடையாது, ஒலியும் கிடையாது.

சுவரை அடைந்த வெப்பம் அறைக் காற்றுக்குப் போக வேண்டும். இந்தக் கடைசி அடிதான் விசிறியற்ற கேபினட்டின் எல்லையைத் தீர்மானிக்கிறது. அசைவற்ற காற்றில் நிற்கும் ஒரு செங்குத்துப் பரப்பு, காற்று தானாக மேலெழுவதாலும் வெப்பக் கதிர்வீச்சாலும் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 10 வாட்டை வெளியேற்றும். தோராயமான எண்தான், ஆனாலும் வடிவமைப்பின் முதல் கணக்குக்கு இது போதும். ஓர் உண்மையான பொருளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். நெதர்லாந்தின் ஸ்ட்ரீகாம் நிறுவனம் விற்கும் டிபி4 என்ற கேபினட் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் கனசதுரம்; நான்கு பக்கமும் தடித்த அலுமினியப் பலகைகள். நான்கு பக்கங்களின் வெளிப்பரப்பு சுமார் 0.28 சதுர மீட்டர். அறைக் காற்றைவிடச் சுவர் 25 டிகிரி கூடுதலாகச் சூடாகலாம் என்று வைத்துக்கொண்டால் 0.28 × 10 × 25, அதாவது 70 வாட். அந்தக் கேபினட்டுக்கு அவர்கள் அடிப்படை அளவாகச் சொல்வது 65 வாட். ஆகவே அந்த 65 வெறும் விளம்பர எண் இல்லை. பரப்பளவிலிருந்தே கிடைக்கும் எண். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கேபினட்டுக்கும் இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். வெளியே ஃபின்கள் இருந்தால் பரப்பு கூடும். ஆனால் ஃபின்கள் நெருக்கமாக இருந்தால் அந்தக் கூடுதல் பரப்பு அவ்வளவும் பயன்படாது. விசிறி ஊதும் ஹீட்சிங்கில் ஃபின்களுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தானாக மேலெழும் காற்றுக்கு அந்த இடைவெளி 6 முதல் 10 மில்லிமீட்டராவது வேண்டும். இல்லையென்றால் இரு பக்கச் சூட்டுப் படலங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் காற்று நகராது. ஆஸ்திரியாவின் நாக்டுவா 2021-இல் வெளியிட்ட என்எச்-பி1 என்ற விசிறியற்ற ஹீட்சிங்கைப் படத்தில் பார்த்தாலே இது புரியும்: ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஆறு ஹீட் பைப்புகள், ஆனால் ஃபின்கள் தள்ளித் தள்ளி நிற்கும்.

கேபினட்டின் நிறத்தைப் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வரி. கறுப்பா வெள்ளியா என்பது அநேகமாகப் பொருட்டில்லை. அனோடைஸ் செய்யப்பட்டதா, அதாவது அதன் மேல் மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றப்பட்டதா என்பதே பொருட்டு. மெருகேற்றிய வெற்று அலுமினியம் வெப்பக் கதிர்வீச்சில் மிக மோசமானது. அனோடைஸ் செய்த அலுமினியம், கண்ணுக்கு எந்த நிறமாகத் தெரிந்தாலும், அதைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தை வீசும்.

இப்போது திருச்சிக்கு வருவோம். மேலே நான் எடுத்துக்கொண்ட 25 டிகிரி வேறுபாடு, 22 டிகிரி அறையில் சுவரை 47 டிகிரியில் நிறுத்தும். சித்திரை, வைகாசியில் ஏசி போடாத உங்கள் அறை 38 டிகிரியில் இருந்தால் அதே சுவர் 63 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் உள்ள உலோகத்தைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்கும். வீட்டில் குழந்தை இருந்தால் அதை அனுமதிக்கவே கூடாது. பிராசஸரின் நிலையும் அப்படித்தான். ஐரோப்பியக் குளிர் அறையில் எடுத்த சோதனையில் 80 டிகிரி காட்டிய பிராசஸர், 16 டிகிரி கூடுதலான உங்கள் அறையில் ஏறத்தாழ 96 காட்டும். இன்டெல் பிராசஸர்கள் பொதுவாக 100 டிகிரிக்கு அருகில் தங்கள் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். எரிந்துவிடாது, ஆனால் மதியம் மூன்று மணிக்கு உங்கள் கணினி காலையைவிட மந்தமாக நடக்கும். ஆகவே நம் ஊருக்கு நான் சுவரின் வேறுபாட்டை 15 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. அப்படிப் பார்த்தால் அதே கனசதுரக் கேபினட்டின் அளவு 0.28 × 10 × 15, அதாவது 42 வாட். விசிறியற்ற கேபினட் எதன் பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் திருச்சியில் அதை 40 வாட் என்று படிப்பதே பாதுகாப்பு. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் உங்கள் பணம் வீணாகாது.

நம் வீடுகளில் இதற்கு எதிர்த்திசையில் உதவும் ஒரு பொருளும் இருக்கிறது. மேலைநாட்டுச் சோதனைகளில் அது இடம்பெறுவதே இல்லை. சீலிங் ஃபேன் ஓடும் அறையில் காற்று அசைவற்று இருப்பதில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்ல நகரும் காற்றுகூட, தானாக மேலெழும் காற்றைவிட இரண்டு மடங்கு அளவுக்கு வெப்பத்தை எடுத்துச்செல்லும். மில்லில் என் உறைகள் பல நேரம் என் கணக்கைவிடக் குளிர்ச்சியாக இருப்பதற்கு அங்கே ஓடும் ஈரப்பதக் காற்றோட்டமே காரணம். ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த உதவியை நம்பிக் கணக்குப் போட முடியாது. பதிவு செய்யும்போது நீங்கள் சீலிங் ஃபேனை நிறுத்துவீர்கள், கதவையும் சன்னலையும் அடைப்பீர்கள். கேபினட்டுக்குக் காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் அறை அசைவற்றுப் போகும். நல்லவேளையாக, குரல் பதிவு பிராசஸருக்குப் பெரிய வேலையே இல்லை. அதோடு அந்தத் தடித்த அலுமினியம் வெப்பத்தைத் தேக்கியும் வைக்கும். ஏழு கிலோ அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 6 கிலோஜூலுக்குச் சற்று மேல் தேவை. வெளியேறாத வெப்பம் 30 வாட் என்றாலும் 10 டிகிரி ஏற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு அத்தியாயத்தை வாசித்து முடித்துவிட்டு ஃபேனைப் போட அது தாராளமான அவகாசம்.

ஆகவே கேபினட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிராசஸரைத் தீர்மானியுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 65 வாட் என்று விற்கப்படும் பிராசஸர் எப்போதும் 65 வாட்டில் நிற்பதில்லை. எடுத்துக்காட்டாக இன்டெல்லின் கோர் ஐ5-12400-க்கு அடிப்படை அளவு 65 வாட். உச்ச வேக அளவு 117 வாட். பெயருக்குப் பின்னால் டி என்ற எழுத்துள்ள 35 வாட் மாதிரிகளும் உச்சத்தில் இரண்டு மூன்று மடங்கு வரை ஏறக்கூடியவையே. இதற்குப் புதிய பிராசஸர் வாங்க வேண்டிய தேவை இல்லை. பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) நீண்டநேர வாட் வரம்பையும் குறுகியநேர வாட் வரம்பையும் நாமே குறிப்பிடலாம். ஏஎம்டி பிராசஸர்களில் ஈகோ மோடு என்ற அமைப்பு இதே வேலையைச் செய்யும். வரம்பைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். பிராசஸர் எடுக்கும் மின்திறன் அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் சேர்ந்து ஏறுகிறது; கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்காகவே மிகுதியான வாட் செலவாகிறது. உங்களிடம் இருக்கும் பிராசஸரை 35 வாட்டுக்குக் கட்டிப்போட்டால் ஒலித் தொகுப்பில் வேறுபாடு தெரியாது என்றே சொல்வேன். புதிதாக வாங்குவதாக இருந்தால் இன்டெல் என்100 போன்ற 6 வாட் வகைச் சில்லு வைத்த சிறு கணினிகள் குரல் பதிவுக்குப் போதும். அவற்றுக்குக் கையளவு அலுமினிய உறையே ஹீட்சிங்காகிவிடும். விலையுயர்ந்த கேபினட் பற்றிய கேள்வியே எழாது.

பிராசஸரைக் குளிரவைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது விசிறியற்ற கணினிகளில் நான் அடிக்கடி காணும் குறை. சாதாரணக் கேபினட்டில் விசிறி இழுக்கும் காற்று, யாரும் கேட்காமலேயே, மதர்போர்டின் மின்னழுத்தச் சீராக்கிகளையும் ராமையும் எஸ்எஸ்டியையும் தடவிக்கொண்டு போகிறது. விசிறியை எடுத்தால் அந்த இலவசக் காற்றும் போய்விடும். பிராசஸர் 70 டிகிரியில் நலமாக இருக்கும்போது பக்கத்திலுள்ள சீராக்கிகள் 100 டிகிரியில் வெந்துகொண்டிருக்கலாம். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வைத்தால் அதற்கு ஒரு தனி அலுமினியத் தகடும், அந்தத் தகட்டிலிருந்து கேபினட் அடிப்பகுதிக்கு வெப்பம் கடத்தும் மென்மையான தெர்மல் பேடு ஒன்றும் வையுங்கள். மின்னூட்டத்தைத் தேக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது எங்கள் துறையின் நெடுநாள் விதி. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை முடிந்தவரை கேபினட்டுக்கு வெளியே, மடிக்கணினிக்கு இருப்பதுபோன்ற அடாப்டராக வைத்துக்கொண்டால் உள்ளே ஒரு சூட்டு மூலம் குறையும். ஹார்ட் டிஸ்க் கூடவே கூடாது. 7200 சுழற்சி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது; அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு மேசை வழியாக மைக்கின் தாங்கிக்குப் போய்ச் சேரும்.

விசிறியும் ஹார்ட் டிஸ்க்கும் இல்லாத கணினியில் நகரும் பாகம் எதுவும் இல்லை என்பது உறுதி. அது முற்றிலும் ஒலியற்றதா என்பது உறுதி இல்லை. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள மின்சுருள்கள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப நுட்பமாக அதிரும்; சில செராமிக் கெபாசிட்டர்களும் அப்படியே. காயில் வைன் என்று பலரும் குறைப்படுவது இதைத்தான். அது பெரும்பாலும் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் விழுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பகுதியில்தான். இதுவரை விசிறியின் இரைச்சல் மூடி வைத்திருந்த இந்த மெல்லிய கீச்சு, விசிறி போனபின் முதல்முறையாகக் காதில் விழும். ஒரே மாதிரி மதர்போர்டு இரண்டு வாங்கினால் ஒன்று கீச்சிடும், மற்றொன்று கீச்சிடாது. இதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் வாங்குவதே இதற்கு நான் அறிந்த வழி. மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் சில எஸ்எம்பிஎஸ்கள் முனகும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் கேட்பது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ஹம் என்றாலோ, மவுஸை நகர்த்தும்போது மாறும் கிறுகிறுப்பு என்றாலோ, அது பெரும்பாலும் காற்று வழியே வந்த ஒலி இல்லை. எர்த்திங் வழியாகவோ யுஎஸ்பி கம்பி வழியாகவோ வந்த மின்தொல்லை. எந்தக் கேபினட்டும் அதைத் தீர்க்காது.

ஒலிப்பதிவுக்கு எவ்வளவு அமைதி போதும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிநூல்களில் குரலின் சராசரி அளவு மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையிலும், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அதாவது குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையில் ஏறத்தாழ 40 டெசிபெல் வேண்டும். இயல்பான பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபெல். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் 74 அளவில் வரும். 40-ஐக் கழித்தால் 34. கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு, மைக் இருக்கும் இடத்தில் மொத்த இரைச்சல் 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று கொள்ளலாம். இரவு உறக்கத்துக்காகப் படுக்கையறைக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்த அளவும் அதே 30 டெசிபெல்தான். இந்த இலக்கை அடைய விசிறியற்ற கணினி கட்டாயம் இல்லை. தூரம் இரட்டித்தால் ஒலி திறந்தவெளியில் 6 டெசிபெல் குறையும். மூடிய அறையில் எதிரொலியால் அதைவிடக் குறைவாகவே குறையும். ஆனால் நடுவில் ஒரு செங்கல் சுவர் வந்துவிட்டால் கணினி இருப்பதே தெரியாது. ஒலிப்பதிவுக் கூடங்கள் கணினிகளைத் தனி அறையில் பூட்டி வைப்பது இதனால்தான். யுஎஸ்பி 2.0 கம்பியை 5 மீட்டர் வரை இழுக்கலாம். சன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டுக் கணினியை அடுத்த அறையில் வைத்தால், பதிவுச் சிக்கல் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகிறது. ஆனால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபெல் குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு நமக்குச் சாதகமானது. 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை நிமிடத்துக்கு 500 சுற்றில் ஓடவிட்டால், கைநீட்டும் தூரத்தில்கூட அமைதியான அறையில் அதைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கும். அது நகர்த்தும் அந்தச் சிறு காற்றோ, வெயில் காலத்தில் பிராசஸரை 15, 20 டிகிரி குளிர்விக்கும். என்னிடம் பொதுவாக ஆலோசனை கேட்கும் பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதுதான். விசிறியை வைத்துக்கொள்ளுங்கள், பெரியதாக வையுங்கள், பயாஸில் அதன் வேகத்தைக் குறைத்துப் பூட்டிவிடுங்கள்.

உங்களுக்கு இதை மட்டும் சொல்லி நிறுத்தத் தயங்குகிறேன், ஏனென்றால் அமைதியின் மேல் உங்களுக்கு இருக்கும் ஆசையை நான் மதிக்கிறேன். கணினியின் சத்தத்தில் மனத்தைக் கலைப்பது அதன் அளவைக் காட்டிலும் அதன் மாற்றம். ஒரே சீராக ஓடும் இரைச்சலை மூளை சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடும். ஆனால் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்ததும் விசிறி வீறிட்டு, அரை நிமிடத்தில் அடங்கி, மீண்டும் வீறிடும்போது ஒவ்வொரு முறையும் கவனம் அங்கே போகிறது. ஏழு இதழ் விசிறி நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓடும்போது 140 ஹெர்ட்ஸில் ஒரு சுருதி எழுகிறது. வேகம் மாற மாற அந்தச் சுருதியும் ஏறி இறங்குகிறது. குரலையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் காதுக்கு இது எவ்வளவு தொல்லை என்று எனக்குப் புரிகிறது. நாள் முழுவதும் மில் இரைச்சலில் நின்றுவிட்டு வீடு திரும்பும் எனக்கு, இரவு பத்து மணிக்கு மேல் வரைபடம் போடும் மேசையில் எந்திரம் எதுவும் பேசாமல் இருப்பது உண்மையான ஓய்வு. வாக்கியத்தை யோசிக்கவும் கணக்கைச் சரிபார்க்கவும் அந்த நேரத்தில் மட்டுமே எனக்கு முழு மனமும் கிடைக்கிறது. இதற்காகச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை.

இந்த ஆசை புதியதும் இல்லை. 1980-இல் வந்த ஆப்பிள் III விசிறி இல்லாமல் வந்து அளவுக்கு மீறிச் சூடாகிறது என்ற புகாருக்கு ஆளானது. 1984-இன் முதல் மெக்கின்டாஷிலும் விசிறி இல்லை. 2000-இல் வந்த பவர்மேக் ஜி4 கியூபில் கீழே நுழைந்த காற்று சூடாகி மேலே எழுந்து தானாக வெளியேறியது. பிறகு பிராசஸர்கள் வெறிகொண்டு சூடாகத் தொடங்கின. 2004-இன் பென்டியம் 4 பிரெஸ்காட் வகையில் மேல்நிலைச் சில்லுகள் 115 வாட்டைத் தொட்டன. அதே காலத்தில் கொரியாவின் ஸால்மன் நிறுவனம் டிஎன்என் 500ஏ என்று இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள விசிறியற்ற கேபினட் ஒன்றையே செய்து விற்றது. இன்று நிலைமை எளிதாகிவிட்டது. 2020-இல் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர், விசிறி இல்லாமலேயே அந்நாளைய பல மேசைக் கணினிகளின் வேலையைச் செய்தது. சில்லு குறைந்த வாட்டில் வேலை செய்யக் கற்றுக்கொண்டபின், விசிறியற்ற கணினிக்குத் தேவைப்படும் அலுமினியத்தின் எடையும் விலையும் சேர்ந்தே இறங்கின.

விசிறியற்ற கணினி நெடுநாள் உழைக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்வதைப் பாதியளவே ஏற்பேன். விசிறி பழுதாவதும் தூசி அடைப்பதும் இல்லை என்பது மெய். ஆனால் உள்ளே எல்லாப் பாகங்களும் கூடுதல் சூட்டில் வாழ்கின்றன என்பதும் மெய். எது எதை வெல்லும் என்பது நீங்கள் கொடுக்கும் வாட் அளவைப் பொறுத்தது. 40 வாட்டுக்குக் கீழே வைத்தால் ஆயுள் கூடும் என்று என் அனுபவத்தை வைத்துத் துணிந்து சொல்வேன்; 65-இல் அப்படிச் சொல்ல மாட்டேன். கேபினட்டை அலமாரிக்குள் வைக்காதீர்கள். மேலேயும் பக்கங்களிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலே புத்தகமோ துணியோ வைக்க யாரையும் விடாதீர்கள். அடியில் திறந்த துளைகள் உள்ள வகை என்றால் நம் வீட்டுப் பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே போகும். நுண்ணிய எஃகு வலை ஒன்றை அடியில் ஒட்டலாம், காற்றோட்டம் சற்றுக் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு.

பணம் கொடுப்பதற்கு முன் இன்று இரவே ஒன்றைச் செய்து பாருங்கள். கணினியை அணைத்துவிட்டு, அதே மைக்கை அதே இடத்தில் வைத்து, மின்கலத்தில் ஓடும் ஒரு மடிக்கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். அளவு எதையும் மாற்றாமல், கணினியை இயக்கிவிட்டு இன்னொரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 3 டெசிபெலுக்குக் குறைவாக இருந்தால் உங்கள் சத்தத்தில் பாதிக்கு மேல் தெருவும் பக்கத்து வீட்டு மோட்டாரும் தருவது. கேபினட்டுக்கு வைத்திருக்கும் பணத்தைக் கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதற்குச் செலவிடுங்கள். 10 டெசிபெல் வேறுபாடு இருந்தால் கணினிதான் காரணம். அப்போது முதலில் பயாஸில் 35 வாட் வரம்பு வைத்து, இருக்கும் விசிறியை மெதுவாக்கி இன்னொரு முறை பதிவு செய்து பாருங்கள். அதன்பிறகும் மனம் நிறையவில்லை என்றால் விசிறியற்ற கேபினட்டையே வாங்குங்கள். வந்த வாரத்தில் ஒரு மதியம், சீலிங் ஃபேனை நிறுத்தி, கதவை அடைத்து, வழக்கமான தொகுப்பு வேலையை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பிராசஸர், எஸ்எஸ்டி இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலையையும் சேர்த்து அந்த மூன்று எண்களை இங்கே எழுதினால், வாட் வரம்பை எங்கே நிறுத்தலாம் என்று நான் கணக்கிட்டுச் சொல்கிறேன்.